சோலார் கரன்ட்... வெந்நீருக்கா, பேட்டரிக்கா? புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு கணக்கு!

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ-க்கும் அதிகமான மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ராணுவத்தினர் வந்து மக்களை மீட்கும் நிலை ஏற்பட்டது. நகரின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லை.

பேட்டரி இல்லாமல், மொட்டை மாடியில் பேனல் மட்டும் வைத்திருந்த வீடுகளுக்கு அந்த இரவில் சோலாரால் ஒரு பயனும் இல்லை. மழை விட்டு வெயில் வந்த பிறகும், தெருவில் கரன்ட் வராதவரை அந்தப் பேனல்கள் சும்மாதான் இருந்திருக்கும்.

`பேட்டரி போட்டிருந்தால் இந்தப் பிரச்னையே இல்லையே' என்று தோன்றும். ஆனால், பேட்டரி விலை அதிகம். இன்னொரு பக்கம், `பகல்ல மிச்சமாகுற கரன்ட்ல கீசரைப் போட்டு வெந்நீர் வெச்சுக்கலாமே, எதுக்கு பேட்டரி?' என்ற யோசனையும் பல வீடுகளில் ஓடுகிறது. இரண்டில் எது சரி? புதுச்சேரி வெயிலையும் மழையையும் வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கரன்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது?

வீடுகளில் அதிகம் பொருத்தப்படுவது `ஆன்-கிரிட்' சோலார். பேனலில் உற்பத்தியாகும் மின்சாரம் முதலில் வீட்டுக்குப் போகும். மிச்சமாவது மின்துறையின் லைனுக்குப் போகும். இரவில் லைனிலிருந்து நாம் எடுத்துக்கொள்வோம்.

லைனில் கரன்ட் நின்றுவிட்டால், இந்த இன்வெர்ட்டரும் சில நொடிகளுக்குள் தானாக நின்றுவிடும். இது கோளாறு இல்லை. பாதுகாப்புக்காகவே இப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. புயலில் அறுந்த கம்பியைச் சரிசெய்ய லைன்மேன் கம்பத்தில் ஏறும்போது, உங்கள் வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பியில் பாய்ந்தால் அவர் உயிருக்கே ஆபத்து.

கரன்ட் இல்லாத நேரத்திலும் சோலார் வேலை செய்ய வேண்டுமென்றால், லைனிலிருந்து வீட்டைத் தனியாகப் பிரித்துக்கொண்டு இயங்கும் `ஹைபிரிட்' இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். சோலார் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

நான்கு பேர் குளியலும் ஓர் இரவும்

லாஸ்பேட்டையில் நான்கு பேர் இருக்கும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாடியில் 3 கிலோவாட் பேனல். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆக, நல்ல வெயில் நாளில் 12 யூனிட்.

முதலில் வெந்நீர். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் சக்தி தேவை. 3,600 கிலோஜூல் சேர்ந்தால் ஒரு யூனிட். மார்கழி காலையில் குழாய்த் தண்ணீர் 25 டிகிரி இருக்கிறது, குளிக்க 40 டிகிரி வேண்டும் என்றால், 20 லிட்டர் வாளி ஒன்றுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 0.35 யூனிட். நான்கு பேருக்கு 1.4 யூனிட். வழியில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் சுமார் ஒன்றரை யூனிட்.

அடுத்து, கரன்ட் இல்லாத ஓர் இரவுக்கு அவசியமானவை.

* 30 வாட் பி.எல்.டி.சி ஃபேன் 2, பத்து மணி நேரம் - 0.6 யூனிட்
* 9 வாட் எல்.இ.டி பல்பு 4, ஐந்து மணி நேரம் - 0.18 யூனிட்
* வைஃபை ரவுட்டர், நான்கு செல்போன் சார்ஜ் - சுமார் 0.2 யூனிட்
* ஃபிரிட்ஜ், மாலை முதல் காலை வரை - சுமார் 0.5 யூனிட்

மொத்தம் ஒன்றரை யூனிட்!

நான்கு பேர் வெந்நீரில் குளிப்பதற்கும், அந்தக் குடும்பம் ஓர் இரவை வெளிச்சத்தோடும் காற்றோடும் கழிப்பதற்கும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம்தான். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் 12 யூனிட்டில் இரண்டுக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. மேகம் மூடிய அடைமழை நாளில் அதே பேனல் இரண்டு, மூன்று யூனிட்டோடு நின்றுவிடும். `இதுவா, அதுவா' என்ற கேள்வி அன்றைக்குத்தான் வருகிறது.

மாதத்துக்கு ஏற்ப மாறும் பதில்

சித்திரை, வைகாசியில் புதுச்சேரியில் யாரும் வெந்நீர் தேடுவதில்லை. மதியம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருவதே வெந்நீர்தான்! பேனலும் அந்த மாதங்களில் நன்றாக உற்பத்தி செய்யும். அப்போது மிச்சத்தை விழுங்குவது கீசர் அல்ல, ஏ.சி.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை, வானம் மூடியே இருக்கும். பெரியவர்களும் குழந்தைகளும் வெந்நீர் கேட்பார்கள். புயல் வருவதும், கரன்ட் போவதும் இதே காலத்தில்தான். சூரிய ஒளி குறைவாகவும் தேவை அதிகமாகவும் இருக்கும் இந்த இரண்டு மாதங்களில் முதல் உரிமை பேட்டரிக்கே. வெந்நீருக்கு கேஸ் அடுப்பு என்று ஒரு மாற்று இருக்கிறது. ஃபேனுக்கும் செல்போனுக்கும் அப்படி எதுவும் இல்லை.

மார்கழி, தை மாதங்களில் காலை குளிர் இருக்கும். மழை குறைந்து பகலில் நல்ல வெயிலும் இருக்கும். வெந்நீருக்கும் பேட்டரிக்கும் சேர்த்தே கொடுக்கலாம். ஆனால், மார்கழியையும் முழுதாக நம்பிவிட முடியாது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கி.மீ வேகத்தில் வீசிய காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் வரவில்லை.

சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் சோலார் பேட்டரிக்கும் உள்ள வித்தியாசம் இப்படிப்பட்ட நாள்களில்தான் தெரியும். சாதாரண இன்வெர்ட்டர் ஓர் இரவு தாங்கும். மறுநாள் அதைச் சார்ஜ் செய்யக் கரன்ட் வேண்டும். சோலார் இணைந்த பேட்டரி, புயல் கடந்து வெயில் வந்துவிட்டால் ஒவ்வொரு பகலும் தானே நிரம்பிக்கொள்ளும்.

நெட் மீட்டர் இருக்கிறதா?

கீசரா, பேட்டரியா என்று முடிவெடுக்கும் முன் உங்கள் மீட்டரைப் பார்த்துவிடுங்கள். கோவா மற்றும் யூனியன் பிரதேசங்களுக்கான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் புதுச்சேரியின் மின்கட்டணத்தை முடிவு செய்கிறது. வீட்டு சோலாருக்கான நெட் மீட்டர் விதிமுறைகளை அது 2019-ல் வெளியிட்டது.

நெட் மீட்டரில், பகலில் நீங்கள் லைனுக்கு அனுப்பிய யூனிட், நீங்கள் எடுத்த யூனிட்டிலிருந்து கழிக்கப்படும். மதியம் 5 யூனிட் அனுப்பி, இரவில் 5 யூனிட் எடுத்தால் கணக்கு நேராகிவிடும். அதாவது, மின்துறையின் லைனே உங்களுக்கு ஒரு பேட்டரி மாதிரி.

எனவே, நெட் மீட்டர் வைத்திருப்பவர்கள் `மிச்சம் வீணாகிறதே' என்று மதியம் அவசர அவசரமாக கீசரைப் போட வேண்டியதில்லை. மதியம் போட்டாலும், விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டாலும் பில்லில் பெரிய வித்தியாசம் வராது. பில்லைக் குறைப்பதற்காக மட்டும் பேட்டரி வாங்குவதும் இவர்களுக்குத் தேவையில்லாத செலவு. மின்தடையைச் சமாளிக்க வேண்டும் என்பதற்காகவே இவர்கள் பேட்டரி வாங்கலாம்.

நெட் மீட்டர் இல்லாமல் பேட்டரியோடு தனியாக இயங்கும் `ஆஃப்-கிரிட்' வீடுகளில் கதை வேறு. அங்கே பேட்டரி நிரம்பிய பிறகு பேனலிலிருந்து வரக்கூடிய மின்சாரம் யாருக்கும் பயன்படாமல் போய்விடும். அந்த மிச்சத்தை வெந்நீராக மாற்றிக்கொள்வது லாபம்.

கீசர் டேங்க்கும் ஒரு பேட்டரிதான்!

25 லிட்டர் கீசரில் 28 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதற்குள் சுமார் 0.9 யூனிட் சக்தி சேர்ந்திருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏ.ஹெச் லெட்-ஆசிட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 1.8 யூனிட். ஆயுள் குறையாமல் இருக்க அதில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதுவும் 0.9 யூனிட்!

ஆக, பாத்ரூம் சுவரில் தொங்கும் கீசர், ஹாலில் இருக்கும் பேட்டரி அளவுக்குச் சக்தியைச் சேர்த்து வைக்கும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவும் கிடையாது. ஆனால், சூட்டைத் திரும்ப மின்சாரமாக்கி ஃபேன் ஓட்ட முடியாது. வெந்நீர் வெந்நீராக மட்டுமே பயன்படும்.

அந்த 25 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால், 40 டிகிரியில் 65 லிட்டருக்கு மேல் கிடைக்கும். மூன்று வாளிக் குளியல். ஆஃப்-கிரிட் வீடுகளில், கீசருக்கு ஏற்ற 16 ஆம்பியர் டைமர் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, பகல் 12 முதல் 2 மணிக்குள் ஓடும்படி வைத்தால் போதும். கீசர் 2 கிலோவாட் இழுக்கும் என்பதால் இன்வெர்ட்டர் அதைத் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் சூடாக்கிய தண்ணீர் மறுநாள் காலைக்குள் கொஞ்சம் ஆறிவிடும். வேலை முடிந்து வந்து மாலையில் குளிப்பவர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். ஒரே ஓர் எச்சரிக்கை: 60 டிகிரி தண்ணீர் நேரடியாக மேலே பட்டால் வெந்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையில் வாளியில் நிரப்புங்கள்.

ஆரோவில் சமையலறை சொல்வது

சூரிய சக்தியை முதலில் மின்சாரமாக்கி, அதன்பின் சூடாக்கத்தான் வேண்டுமா? புதுச்சேரியை ஒட்டியிருக்கும் ஆரோவில்லின் `சோலார் கிச்சன்' வேறு வழியில் யோசித்தது. 1997-ல் உருவான அந்தச் சமையலறையின் கூரைமேல், 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதன் உள்பக்கம் பதித்த கண்ணாடிகள் வெயிலைக் குவித்து நீராவியை உண்டாக்கும். ஆயிரம் பேர் வரை சமைக்கலாம் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. மேகமூட்ட நாள்களுக்காக டீசல் பாய்லரும் துணைக்கு வைக்கப்பட்டது.

வீட்டுக்கு இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, சூடு தேவைப்படும் வேலைக்கு வெயிலை நேரடியாகச் சூடாகவே எடுத்துக்கொள்ளலாம். பேனல் தன்மேல் விழும் வெயிலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது. சோலார் வாட்டர் ஹீட்டர் ஏறக்குறைய பாதியை வெந்நீராக மாற்றிவிடும். மாடியில் இடம் குறைவாக இருக்கும் வீடுகளுக்கு இது முக்கியம். இரண்டாவது பாடம், வெயிலை மட்டுமே நம்பாமல் ஒரு மாற்றும் வைத்திருக்க வேண்டும்.

ஆனால், புதுச்சேரியில் வெந்நீர் அவசியமாகத் தேவைப்படுவது வருடத்தில் மூன்று, நான்கு மாதங்களே. அதற்காகத் தனியாக ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கலாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். வயதானவர்கள், கைக்குழந்தை, மூட்டுவலிக்காரர்கள் என்று வருடம் முழுக்க வெந்நீர் தேவைப்படும் வீட்டுக்கு அது ஏற்றது. மற்றவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் கீசர் போதும். உப்புத் தண்ணீர் வரும் பகுதியில் இருந்தால், கீசர் காயிலிலும் ஹீட்டர் குழாயிலும் உப்பு படியும். வருடம் ஒருமுறை சுத்தம் செய்யாவிட்டால் கரன்ட் செலவு கூடி, சூடு குறையும்.

வெந்நீருக்கு கேஸ் அடுப்பைப் பயன்படுத்தும் வீடுகளுக்கும் ஒரு கணக்கு. தினமும் நான்கு வாளி வெந்நீர் என்றால், மாதத்துக்கு 5 கிலோவுக்கு மேல் கேஸ் செலவாகும். 14.2 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! வெயில் உள்ள மாதங்களில் சோலாருக்கு மாறிவிட்டு, அடைமழை நாள்களுக்கு மட்டும் கேஸை வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு பேட்டரி, எங்கே வைப்பது?

வீட்டில் உள்ள அத்தனையையும் பேட்டரியில் ஓட்ட நினைத்தால் செலவு எகிறிவிடும். ஒன்றரை டன் ஏ.சி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். ஓர் இரவுக்கு ஆறேழு யூனிட். அவசியத் தேவையைப்போல நான்கு மடங்குக்கும் மேல்!

எனவே, வயரிங் செய்யும்போதே வீட்டை இரண்டு லைன்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், ரவுட்டர், சார்ஜர் பாயின்ட்கள் பேட்டரி லைனில். ஏ.சி, கீசர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் ஸ்டவ் பொது லைனில். இப்படிப் பிரித்துவிட்டால், கரன்ட் போன இரவில் யாராவது மறந்துபோய் கீசரைப் போட்டு பேட்டரியைக் காலி செய்துவிடும் பேச்சுக்கே இடமில்லை.

தண்ணீர் மோட்டாரை மறந்துவிடாதீர்கள். ஒரு ஹெச்.பி மோட்டார் 20 நிமிடம் ஓட கால் யூனிட் போதும். ஆனால், அது ஸ்டார்ட் ஆகும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். இன்வெர்ட்டர் அதைத் தாங்கும் திறனோடு இருக்க வேண்டும்.

மோட்டாரையும் சேர்த்தால் இரவுத் தேவை ஏறக்குறைய 1.8 யூனிட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரியில் 80 முதல் 90 சதவிகிதம் வரை பயன்படுத்தலாம் என்பதால், 2.5 யூனிட் கொள்ளளவு போதும். லெட்-ஆசிட் என்றால் 150 ஏ.ஹெச் பேட்டரி இரண்டு வேண்டும். லித்தியத்துக்கு முதலில் செலவு அதிகம். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்பதால் நீண்ட நாள் உழைக்கும்.

பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தரையில் வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கும் தெருவென்றால், இதுவரை வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய உயரத்தைவிட மேலே, சுவரிலோ மாடிப்படி அறையிலோ பொருத்துங்கள். வெள்ளத்தில் நனைந்த பேட்டரியை நீங்களாகத் தொடவோ, ஆன் செய்யவோ கூடாது. மாடியில் பேனல் தாங்கும் சட்டம் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத வகையாகவும், புயல் காற்றில் பெயராதபடி தளத்தோடு இறுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட `பிரதமர் சூர்ய கர்' திட்டத்தில், முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் உச்சவரம்பு அதே 78,000 ரூபாய். பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும்.

மானியம் பேனலின் கிலோவாட்டை வைத்தே கணக்கிடப்படுகிறது. பேட்டரி சேர்த்தால் அந்தச் செலவு முழுக்க நம் கையிலிருந்துதான். இப்போதைக்குப் பணம் இல்லையென்றால், பேட்டரியைப் பின்னால் இணைத்துக்கொள்ளும் வசதியுள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டரை முதலிலேயே கேட்டு வாங்கலாம். விண்ணப்பிக்கும் முன், நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாடலுக்கு நெட் மீட்டர் அனுமதி கிடைக்குமா என்பதைப் புதுச்சேரி மின்துறை அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்...

* ஹைபிரிட் இன்வெர்ட்டரின் செட்டிங்கில், `பேட்டரியில் எப்போதும் இவ்வளவு மிச்சம் இருக்கட்டும்' என்ற அளவை 100 சதவிகிதமாக மாற்றுங்கள். கரன்ட் இருக்கும்போதே பேட்டரி நிரம்பிவிடும்.
* மேல் தொட்டியை நிரப்பிவையுங்கள். கரன்ட் இருக்கும்போதே கீசரையும் ஒருமுறை போட்டு நிறுத்துங்கள். அன்று மாலைக்கு வெந்நீர் இருக்கும்.
* கரன்ட் போன பிறகு ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். செல்போன், டார்ச் லைட்டை முதலில் சார்ஜ் போடுங்கள்.
* புயல் கடந்து வெயில் வந்ததும் பேனல், வயர், சட்டம் சேதமாகியிருக்கிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். வயர் அறுந்திருந்தாலோ, பேனல் உடைந்திருந்தாலோ தொடாமல் டெக்னீஷியனை அழையுங்கள். வெயில் படும்வரை பேனலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.
* எல்லாம் சரியாக இருந்தால் காலை வெயில் பேட்டரிக்கு. அது நிரம்பியதும் மோட்டார். அதன்பிறகும் வெயில் இருந்தால்தான் வெந்நீர். வருடம் முழுக்க வெந்நீர் தேவைப்படுபவர்கள் இருக்கும் வீட்டில், இந்த நேரத்துக்காக மட்டும் கீசரைப் பேட்டரி லைனுக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளலாம்.

சோலார் போட்டுத் தர வருபவர்கள் வழக்கமாகச் சொல்வது, `பில் ஜீரோ ஆகிடும்' என்பதுதான். அது நடக்கவும் செய்யும். அடுத்தமுறை அவர் வரும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: ``கார்த்திகை மாசத்துல மூணு நாள் கரன்ட் இல்லைன்னா, இந்த வீட்டுல எதெல்லாம் ஓடும்?'' அதற்கு யூனிட் கணக்கோடு அவர் எழுதித் தரும் பதிலைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.